காக்கிக் கவர்

அவள் மோர் டம்ளரை நீட்டினாள்.

கோபியிலிருந்து வந்த அம்மாள் வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளைப் பையனுக்குப் பெரியம்மா. எதிர்வீட்டு மேகலாவைப் பேசி முடிக்குமுன் தெருவில் விசாரிக்க வந்தவள். விசாரிக்காமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்.

சரியான வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை இங்கே தெரியும்.

"ஏனுங்க, பொண்ணு தங்கம்னு எல்லாருஞ் சொல்றாங்க. அப்பனைப் பத்திக் கேட்டாத்தான், இடுப்புல கவரோட வருவாருன்னு இழுக்கறாங்க. அவருக்குத் தண்ணி போடற பழக்கம் இருக்குதுங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இருக்கிறது என்று தெருவுக்கு முதலில் சொன்னவளே அவள்தான்.

சும்மா சொல்லவில்லை. மாதம் பிறந்தால் மேகலாவின் அப்பா அவிநாசியப்பன் பஸ் ஸ்டாண்டு பக்கம் போவார். அங்கே ஒயின் ஷாப் இருக்கிறது. திரும்பும்போது இடுப்பில் ஒரு காக்கிக் கவர் செருகியிருக்கும். சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்துவிடுவார்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

குழாயடியில் ஒரு தரம் சொன்னாள். மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது. மனிதர் காதுக்கும் போயிருக்கும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒயின் ஷாப்பை ஒட்டி ஒரு மெடிக்கலும் இருப்பதை அவள் யோசிக்கவில்லை.

நேற்று அவளே அந்த மெடிக்கலுக்குப் போகவேண்டி வந்தது. பிரஷர் மாத்திரை. பக்கத்தில் அவிநாசியப்பன். கூட்ட நெரிசலில் இருவர் கவரையும் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒரு டியூப். ஒரு அட்டை காப்ஸ்யூல்.

கொடுத்துவிட்டு வரப் போனாள். பார்த்துவிட்டு வரவும்தான்.

அவளுடைய கவர் அங்கே மேஜைமேல் இருந்தது. பிரிக்காமல்.

கதவைத் திறந்தவள் மேகலா. பவுடர் இல்லாத மேகலாவைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

கன்னம் இரண்டும் அறை வாங்கியதுபோலச் சிவந்திருந்தன. மூக்கின்மேல் பொடிப்பொடியாகத் தடிப்பு.

"ரோசேசியான்னு பேருங்க அத்தை. ஒட்டாது. டாக்டர் எழுதிக் குடுத்த ஜெல்லும் காப்ஸ்யூலும் போட்டா அடங்கிக்குது. வெயிலும் சூடும் ஆகாது, அவ்வளவுதான்."

மேகலா கவரைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"கட்டிக்கப் போறவருகிட்டச் சொல்லீட்டனுங்க. அதனால என்னன்னு சிரிச்சாரு. அவங்க பெரியம்மா காதுக்குப் போனாத்தான் வம்பு. தோல் வியாதி, பரம்பரைன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. அதுக்குத்தான் அப்பா ஒளிச்சு வாங்கீட்டு வாறாரு. குடிகாரன்னு பேரு வந்தா வந்துட்டுப் போகட்டும்ங்கறாரு."

அந்தப் பேரை யார் வைத்தது என்று மேகலா கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டாவது வந்திருக்கலாம்.

கோபியம்மாள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

பழக்கம் இல்லை என்றால், அப்புறம் கவரில் என்ன என்பாள். மருந்து என்றால், யாருக்கு என்பாள். எந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தக் கேள்வி வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். இத்தனை வருஷமாகக் கேட்டவள் அவளல்லவா.

"தண்ணியா? அவரா? நல்லாருக்குதுங்க கதை. அந்தக் கவர்ல இருக்கறது மருந்துங்க. எனக்குத்தான் வாங்கீட்டு வருவாரு."

"உங்களுக்கா? உங்களுக்கு என்னங்க?"

தன் வீட்டுச் சேதி ஒன்றைக்கூட அவள் இதுவரை வாசல் தாண்ட விட்டதில்லை.

"மொகத்துலதானுங்க. செவந்து செவந்து தடிச்சுக்கும். தோல் டாக்டர் பாக்கறாரு. வீட்டுக்காரரு போனதுக்கப்பறம் வாங்கித் தர எனக்கு யாருங்க இருக்கறாங்க? வெளிய தெரிய வேண்டாமுன்னு அவருகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். பாவம், என்னாலதான் அந்த மனுசனுக்கு இந்தக் கெட்ட பேரு."

கடைசி வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை.

கோபியம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். உச்சி வெயில் நேரம். பார்க்கிறவர்கள் நினைத்தால் எந்த முகமும் சிவப்பாகத்தான் தெரியும்.

டம்ளரைக் கீழே வைத்தாள்.

பாதி மோர் அப்படியே இருந்தது.

பிறகு எதிர்வீட்டுக்குப் போய்க் கை நனைத்தாள். வடை பாயசத்தோடு.

சாயங்காலத்துக்குள் சேதி தெருக்கோடிவரை போய்விட்டது. போகாதா? அவள் போட்டுவைத்த ரோடு.

தினமும் வருகிற பெண்கள் அன்றைக்கும் வாசலுக்கு வந்தார்கள். அவளும் தினம்போலக் காபி கலந்து தட்டில் கொண்டுவந்தாள்.

"இப்பத்தானுங்கக்கா குடிச்சேன்."

"எனக்கு வயிறே செரியில்லீங்க."

"ஏனுங்கக்கா, அது ஒட்டாதுங்களா?"

"ஒட்டாது" என்றாள்.

ஒட்டாது என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டம்ளரை மட்டும் யாரும் தொடவில்லை.

பேச்சு வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. எழுந்து போனார்கள். இரண்டு வீடு தள்ளி நின்று அதே பேச்சைத் தொடர்ந்தார்கள்.

தட்டில் காபி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மேகலா தெருவைக் கடந்து வந்தாள். பக்கத்தில், முழங்கை உரச உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வீடு தள்ளி, பேச்சு நின்றது.

"குடி அம்மணி. ஆறிப்போகுது."

"ஆறட்டுங்க அத்தை. எனக்கு ஆறினாத்தான் ஆகும்."