பேர் கேட்கக் கூடாது

"பேரைச் சொல்லிடாதீங்கம்மா!" செம்பியன் நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டித் தடுத்தார்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "சார், என் பேரு..." என்று ஆரம்பித்த பெண்மணி அப்படியே நின்றுவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் புடவை, தோளில் கைப்பை.

"உக்காருங்க. இங்க யாரும் உங்க பேரைக் கேக்க மாட்டாங்க. கீழ ரிசப்ஷன்ல கேட்டாங்களா?"

"இல்ல சார். நானாத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பொண்ணு காதைப் பொத்திக்கிட்டு லிஃப்டைக் காட்டிடுச்சு."

செம்பியன் திருப்தியாகத் தலையசைத்தார்.

தி.நகரில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் இயங்கும் 'மெய்யுரை' தொலைக்காட்சிக்கு அவர் தலைமை ஆசிரியர். பாலவாக்கத்தில் ஒரு பள்ளி மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமை ஒரு வாரமாகச் செய்திகளில் அடிபட்டது. மாணவியின் தாய் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மெய்யுரைக்கு மட்டும் பேசச் சம்மதித்திருந்தார். மாலையில் நேரில் வருவதாக நிருபர் வஜீஹாவிடம் சொல்லியிருந்தார். இரவு எட்டு மணிக்குப் பேட்டி என்று காலையிலிருந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டி கைநழுவினால் செம்பியன் தன் முகத்தை வைத்துத்தான் அந்த ஒரு மணி நேரத்தை நிரப்ப வேண்டும்.

அவர் விளக்கைக் குறைத்தார். டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்தார்.

"அழணும்னா அழலாம். ஆனா கொஞ்சம் எட்டு மணிக்கும் மிச்சம் வைங்க."

"சார், நான் வந்த விஷயம்..."

"தெரியும்மா. அதையும் இப்ப சொல்ல வேணாம். பாதிக்கப்பட்டவங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாதுன்னு எங்க விதிமுறையில இருக்கு. நீங்க ஒரு தடவ சொன்னாப் போதும். மறுஒளிபரப்பு நாங்க பாத்துக்கறோம்."

விதிமுறை சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. அடியில் செம்பியனின் கையெழுத்து.

"நான் எழுதினதுதான். அடையார்ல ஒரு கருத்தரங்குல வாசிச்சேன். எழுந்து நின்னு கை தட்டினாங்க. கடைசி வரிசைகூட."

பெண்மணி எதிரே ஒலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தார். விளம்பரத்தில் ஒரு பச்சை கேட் வந்தது.

"அது அந்த வீட்டு கேட்டா சார்?"

"கேட் மட்டும்தான். கதவு நம்பரை மங்கலாக்கிட்டோம்."

"பக்கத்துல மாவு மில்லு தெரியுதே?"

"மில் பேரையும் மங்கலாக்கியாச்சு. பாலவாக்கத்துல ஒரே ஒரு மாவு மில்லா இருக்கு?"

"பச்சை கேட்டோட ஒட்டி?"

செம்பியன் டிவியை அணைத்தார்.

பெண்மணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தார். "இங்க நடக்கறது வெளிய போகாதுன்னு எப்படி சார் நம்பறது?"

செம்பியனுக்கு மனம் புண்பட்டுவிட்டது.

"வெளி நியூஸை விடுங்கம்மா. எங்க ஆபீஸ்லயே ஒண்ணு நடந்துது. எடிட்டிங்ல ஒரு பொண்ணு, எங்க சீனியர் ஒருத்தர் மேல புகார் சொல்லிச்சு. நீங்க கேள்விப்பட்டீங்களா?"

"எந்த டிவிலயும் வரலையே."

"வராது! ஒரு வரி வெளிய போகல. அந்தப் பொண்ணை வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லி அன்னிக்கே அனுப்பிட்டேன்."

"அவரை?"

"அவரை எதுக்கு அனுப்பணும்? நிரூபணம் ஆகற வரைக்கும் யாரையும் குற்றவாளின்னு சொல்லக் கூடாது. அதுவும் விதிமுறைல இருக்கு, பாருங்க."

"கேமரா எதுவும் இல்லையா சார் அங்க?"

"இருந்துது, எடிட்டிங் ரூம்லயே. எல்லாம் பதிவாயிருந்துது. யார் கையிலயாவது சிக்கினா அந்தப் பொண்ணு கதி என்னாகறது? நானே உக்காந்து அழிச்சேன்."

"நீங்களேவா?"

"இந்தக் கையாலதான்." காட்டினார். "கம்ப்யூட்டர் பாக்கற ஆளைக்கூட வெளிய நிக்கச் சொல்லிட்டேன். ரகசியம்னா அப்படி இருக்கணும்."

"புகார் சொன்ன பொண்ணு ஒத்துக்கிச்சா?"

"அதுகிட்ட எதுக்குக் கேக்கணும்? கேட்டா மறுபடியும் ஞாபகம் வரும், பாவம்."

பெண்மணி டிஷ்யூ ஒன்றை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். செம்பியன் அதைக் கண்ணீராகவே எடுத்துக்கொண்டு, மேக்கப் அறைக்குப் போன் செய்யக் கை நீட்டினார்.

கதவைத் தட்டாமல் வஜீஹா உள்ளே வந்தாள்.

"சார், பாலவாக்கம் அம்மா இப்பதான் போன் பண்ணாங்க. வர மாட்டாங்களாம்."

"என்னது?"

"டிவில கேட்டைப் பாத்துட்டுத் தெருவே வாசல்ல வந்து நிக்குதாம். அந்தப் பொண்ணு கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிகினு வெளிய வர மாட்டேங்குதாம். இனிமே போன் பண்ணாதன்னு அழுதுட்டு வெச்சிட்டாங்க சார்."

"அப்ப எட்டு மணிக்கு என்ன போடறது?" என்று கத்திய பிறகுதான் செம்பியனுக்கு எதிர் நாற்காலி நினைவுக்கு வந்தது. மெதுவாகத் திரும்பினார். "அப்ப... இவங்க யாரு?"

"தெரியாது சார். வர்றவங்க பேரைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே ஆர்டர் போட்டீங்க."

பெண்மணி கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, டிஷ்யூ டப்பாவின் பக்கத்தில் வைத்தார்.

"ஆரோக்கியமேரி, மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர். உங்க எடிட்டிங் பொண்ணு எங்ககிட்ட புகார் குடுத்திருக்கு. அந்தக் கேமரா பதிவை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன், இப்ப உங்களைக் கூட்டிட்டுப் போகணும்."