தறிக்குழி மேல் வெள்ளை டைல்ஸ்

இரண்டாயிரத்து மூன்றில் தசரதன் பட்டுத்தறியை விற்றான். கால் தொங்கப் போட்டு நெய்த குழியில் ஒரு டிராக்டர் மண் கொட்டி, மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டி, சோபா வாங்கிப் போட்டான்.

"கூடம் பளிச்சுனு இருந்தா மனசும் பளிச்சுனு ஆய்டும்" என்று மனைவி ஹேமலதாவிடம் சொன்னான்.

ஆனால் சோபாவில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாரம் பேஜாராகத் திரிந்தவன், குழி இருந்த இடத்தில் தரையிலேயே உட்கார ஆரம்பித்தான். முகம் தெளிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை காபியோடு வந்த ஹேமலதா அவன் பக்கத்தில் போய் நின்றாள். தசரதன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. முழங்காலுக்குக் கீழே அவனைத்தான் காணவில்லை.

"இன்னாங்க, காலு எங்க?"

"தொங்கப் போட்டுகினு இருக்கேன். உள்ள சில்லுனு இருக்குது. இப்பதான் மனசு லேசாச்சு. நீயும் உக்காரு, ஹேமா." தரையைப் பார்த்து மரியாதையாகச் சொன்னான்: "நீங்க கொஞ்சம் நவுந்துக்கோங்க."

ஓடிவிட நினைத்த ஹேமலதாவுக்குக் கால் எழவில்லை; குனிந்து பார்த்தாள். வெள்ளை டைல்ஸ்தான் தெரிந்தது, அவள் பாதங்கள் தெரியவில்லை. உள்ளே பட்டுப்புடவை ஒன்று உரச, யாரோ நகர்ந்து இடம் விடுவது மட்டும் உள்ளங்காலில் தெரிந்தது.