செசிலியின் முக்காலி

வெளிக்காற்று ஆகாததால் சன்னல் திறக்க முடியாத அந்த வீடுகளில், சுவர்த்தொட்டியில் வளரும் பச்சைப் பாசிதான் காற்று தருகிறது. பெர்க்மான்ஸ் வீட்டுத் தொட்டி, அவர் மனைவி இறந்த மறுமாதமே மஞ்சளாகத் தொடங்கியது.

பழுது பார்க்க வந்த ரஹ்மத் தொட்டியைப் பார்த்ததுமே கேட்டான். "வீட்ல ஆள் கொறஞ்சிருக்கா, அண்ணாச்சி?"

"செசிலி போயிட்டா."

ரஹ்மத் மெதுவாகச் சொன்னான். "நாம விடுற மூச்சுதான் பாசிக்குச் சாப்பாடு. உங்க ஒருத்தர் மூச்சு அதுக்குப் பத்தாது. அது செத்துட்டா உங்களுக்குக் காத்து கெடையாது. மரத்தத் திங்கிற பூஞ்சை ஒண்ணு இருக்கு. அது நம்மள மாதிரியே மூச்சு விடும். பழைய மரச்சாமான் ஏதாச்சும் தாங்க."

வீட்டில் மரம் என்று இருந்தது, தொட்டிக்கு எதிரே செசிலி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும் மாமர முக்காலி மட்டும்தான். ரஹ்மத் அதை நனைத்து, பூஞ்சையைத் தடவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

சில வாரங்களில் முக்காலி வெள்ளை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. தொட்டி, செசிலி இருந்தபோது இருந்த அதே பச்சைக்குத் திரும்பிவிட்டது.

அவள் மூச்சுக்கும் பூஞ்சையின் மூச்சுக்கும் பாசிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெர்க்மான்ஸ் முக்காலியை அள்ளிக்கொண்டுபோய் வெளியே மூடிய நடைவழியில் வைத்துக் கதவைச் சாத்தினார். திரும்பிவந்து தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நீயும் கொஞ்சம் அவளத் தேடு" என்றார் பாசியிடம்.