ஒரே நம்பர்

கணவர் தணிகைவேல் இறந்த பிறகு கோமளாவின் சோப்பு வியாபாரம் படுத்துவிட்டது. வலைதளத்தை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டர் வந்ததும் பெயரை உரக்க வாசிப்பார். அவள் வேப்பிலைச் சோப்பைக் காகிதத்தில் சுற்றித் தருவாள். கூரியரில் போட அவரே எடுத்துப் போவார். இப்போது எட்டு மாதத்தில் இரண்டே ஆர்டர்கள். தளம் பழசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னதால், வேறொன்றுக்கு மாற்றித் தர நஸ்ரின் என்ற பெண்ணிடம் ஒப்படைத்தாள்.

வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றும்போது நஸ்ரின் போன் செய்தாள்.

“அக்கா, மொத்தம் நூத்திப்பத்து பேரு. அதுல தொண்ணூத்தாறு பேருக்கு ஒரே போன் நம்பர் இருக்கு.”

“என்ன நம்பர்மா?”

நஸ்ரின் வாசித்தாள். பாதியிலேயே மீதி எண்களைக் கோமளா சொல்லி முடித்தாள்.

“புதுசுல ஒரு நம்பருக்கு ஒரு பேருதான்க்கா ஏத்துக்கும். யார் பேரை வைக்கட்டும்?”

ஓசூர் பெஞ்சமின், மாதம் தவறாமல் வாங்கிய அம்பாசமுத்திரம் மீனலோசனி என்று அவர் வாசித்த பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முகத்தை அவள் மனதில் வைத்திருந்தாள்.

“தணிகைவேல்னு போடும்மா.”

நஸ்ரின் பட்டியலை மேலும் கீழும் தேடினாள்.

“அப்படி ஒரு பேரே இதுல இல்லையேக்கா.”