ஒரு விரல் இடைவெளி

நடுக்கடலில் ஒரு கொள்ளைக் கப்பல். பிடிபட்டவர்களைக் கட்டிவைக்க அதில் இரண்டு பேர் இருந்தார்கள்: இரும்புச் சங்கிலியும் தேங்காய் நார்க்கயிறும்.

சங்கிலி பிடித்த இடத்தில் தோல் உரிந்துவிடும். "பிடின்னா இதுதான்டா பிடி!" என்று கொள்ளைத் தலைவன் அதைத் தட்டிக்கொடுப்பான். கயிறு அப்படியில்லை. முடிச்சுப் போடும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். போட்டு முடித்ததும் மெல்ல மூச்சு விடும். கைதியின் மணிக்கட்டில் ஒரு விரல் இடைவெளி விழும்.

"நீயெல்லாம் ஒரு கட்டா?" என்று சங்கிலி சிரிக்கும்.

"இதுவரைக்கும் அவிழ்ந்தா போனேன்? பாவம், அவங்களுக்கும் ரத்தம் ஓட வேண்டாமா அண்ணே?"

ஒருநாள் ராஜாவின் காவல்கப்பல் வந்து கொள்ளையரை மடக்கியது. விடுபட்ட கைதிகள் தலைவனை இழுத்துவந்து, எதனால் கட்டலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"ஐயா, கயிறு! கயிறே போதும்!" என்று அலறினான் தலைவன்.

சங்கிலியின் முகம் தொங்கிப்போயிற்று. கயிற்றுக்கோ குஷி தாங்கவில்லை. "இவனை எலும்பு நொறுங்க இறுக்குறேன், பாருங்கண்ணே!" என்று துள்ளியது.

முடிச்சு விழுந்தது.

"என்னடா இது, இவனுக்குமா ஒரு விரல்?" என்று கத்தியது சங்கிலி.

கயிறு அசடு வழிந்தது. "இறுக்கணும்னுதான் நெனச்சேன். வயிறு தானா உப்பிடுச்சு அண்ணே."