கழுவிய அடுப்பு

டொக்கும் என்ற ஊரில் காலையிலிருந்தே மழை நசநசக்கிறது. மெக்கானிக் வீப்ரன், வலிக்கிற முழங்காலை மடக்கி, ஃப்ரௌக்கா வீட்டு கேஸ் அடுப்பின் முன் குனிந்திருக்கிறார். இந்த வாரத்தில் இது மூன்றாம் முறை. பர்னர் மூடியைத் தூக்கினால், துளையெல்லாம் சோப்புத் தண்ணீர் அடைத்துக்கொண்டு மினுங்குகிறது.

"மறுபடியும் கழுவினீங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நீங்க வர்றீங்களே! அழுக்கு அடுப்பையா காட்டுறது? மானம் போயிடாதா?" என்கிறாள் ஃப்ரௌக்கா. "பாவம் அப்பா, மூணு நாளா சூடா ஒரு வாய் சூப் இல்லாம கிடக்கிறாரு."

உள்ளறையில் கிழவர் இருமுகிறார். வீப்ரன் துளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அவளுடைய ஹேர் டிரையரால் காயவைக்கிறார். குப்பென்று நீலச் சுடர் எழுகிறது. அவள் சூப் சட்டியை ஏற்றுகிறாள். அவர் அடுப்பில் கையூன்றி எழுந்த இடத்தில் ஐந்து விரல் கரி பதிந்திருக்கிறது. சூப்பில் இன்னும் ஒரு குமிழிகூட வரவில்லை. அவள் கையில் ஈரத்துணி வந்துவிட்டது.