தயாளனின் உள்ளங்கை

கோடை முழுக்க நண்பர்களோடு பாறை ஏறினேன். கயிறு கிடையாது. முதலில் ஏறுபவன் எப்போதும் தயாளன்தான். ஒவ்வொரு பிடிக்கும் முன் உள்ளங்கையில் காறித் துப்பித் தேய்த்துக்கொள்வான்; அப்போதுதான் வழுக்காதாம். பின்னால் ஏறும் நான் அந்த ஈரத்திலேயே விரல் வைக்க வேண்டும். பாக்கு வாடையோடு, வெயிலில் சூடாகி, விரலிடுக்கில் பிசுபிசுக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் சோறு பிசையும்போது அந்த நாற்றம் வரும்.

கடைசிப் பாறையில் பாதி உயரத்தில் தயாளன் நின்றுவிட்டான். கீழே எட்டிப் பார்த்தான்.

“ஏறுடா,” என்றேன்.

ஒற்றைக் கையால் தொங்கியபடி மறு கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“வாய் வறண்டு போச்சுடா. எச்சில் வரல. நீ துப்பு.”

ரேகைகளில் அழுக்குத் திரிதிரியாக ஒட்டியிருந்தது. எனக்குக் குமட்டியது. வாய் நிறைய எச்சில் ஊறியது.